கயத்தாற்றுக்கு நேர் மேலே

கொழும்பிலிருந்து துபாய்க்கு
மூவாயிரத்து முந்நூறு கிலோமீட்டர், சொச்சம்.
பறக்க நாலரை மணி நேரம்.
டிக்கெட்டைப் பார்த்தால் மூன்றே மணி நேரம்தான்:
ஏழுக்கு ஏற்றி பத்துக்கு இறக்கிவிடுகிறார்கள்.
மிச்ச ஒன்றரை மணியை
வழியில் அரபிக்கடலில் தட்டிவிடுவார்கள் போல.

ஜெபக்கனி அதை நம்பவில்லை.
பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில்
பதினோரு வருஷம் ராத்திரி டூட்டி பார்த்தவள்.
"மணிய யாரும் சும்மா குடுக்க மாட்டாவ.
திரும்பி வரயில புடுங்கிருவாவ."

மதுரையிலிருந்து நேரே ஒரு விமானம் இருந்தது.
கொழும்பு வழி என்றால் ஒன்பதாயிரம் குறைவு.
ஒன்பதாயிரம்
ரூபனுக்கு ஒரு பருவத்து வேன் காசு.
ஆகவே மேற்கே போக வேண்டியவள்
பஸ்ஸில் வடக்கே இரண்டரை மணி நேரம் போனாள்.
அங்கிருந்து தெற்கே பறந்து
கடலைத் தாண்டி
ஒரு இரும்பு நாற்காலியில்
ஐந்து மணி நேரம் இருந்தாள்.

அவள் கிளம்புவதற்கு முந்தின ராத்திரி
ரூபனின் அட்லஸில் ஸ்கேல் வைத்தேன்.
ஒரு முனை கொழும்பு, மறுமுனை துபாய்.
பென்சில் கோடு மன்னார் வளைகுடாவைக் கடந்து
கரிசலில் ஏறி
எங்கள் மேலேயே போயிற்று.
(பென்சில் தடிப்பில்
திருநெல்வேலியும் கயத்தாறும் ஒன்றுதான்.)
"ஏல, அம்மை நம்ம வீட்டுக்கு மேலதாம்ல போவா."
அவன் ரப்பரால் அழித்து மறுபடி போட்டுப் பார்த்தான்.
அப்போதும் நாங்கள்தான்.

எனக்குக் காற்றாலையில் வேலை.
பதினேழாம் நம்பர் கோபுரத்துச் சிவப்பு விளக்கு
அவிந்து கிடக்கிறதென்று காலையில் சொன்னார்கள்.
விமானங்களுக்காக வைத்த விளக்கு அது.
எந்த விமானமும் அதைப் பார்த்ததாக
இதுவரை எங்களுக்குத் தகவல் இல்லை.
"நாளைக்குப் பாப்பம்வே" என்றார் சூப்பர்வைசர் வேலாயுதம்.
இன்றைக்கே ஏறுகிறேன் என்றேன்.
காரணம் கேட்கவில்லை. நல்ல மனுஷன்.

காற்றில்லாத மாசி.
இறக்கை மூன்றும் பூட்டிக் கிடந்தன.
இருட்டுகிற நேரத்தில் ஏணியில் ஏறினேன்,
சட்டைப்பையில் புது விளக்கு,
வாயில் டார்ச்.
மேலே போய் பெல்ட்டைக் கொளுவி
திருகாணியை முடுக்கினேன்.
பிடித்துக்கொண்டது.
சிவப்பு, இருட்டு, சிவப்பு, இருட்டு.
கீழே நாற்கரச் சாலையில் லாரிகள்.
தூரத்தில் வீடு எது என்று தெரியவில்லை.
மாடியில் ரூபன் போனைத் தலைக்குமேல் பிடித்து
நிற்பான் என்பது மட்டும் தெரியும்.

என் போனில் ஒரு மஞ்சள் விமானம்
நத்தை மாதிரி கடலைவிட்டு ஏறி வந்தது.
ஏழு இருபத்தாறு.
முப்பத்துநாலாயிரம் அடி.
அதில் நான் ஏறி வைத்திருந்தது
இருநூற்று அறுபது.

சத்தம்கூட வரவில்லை.
நட்சத்திரங்களுக்கு நடுவே ஒரு பொட்டு
அணைந்து அணைந்து எரிந்தபடி
கழுகுமலைப் பக்கமிருந்து என்று நினைக்கிறேன், இல்லை,
கடல் பக்கமிருந்துதான் வந்தது.
தலைக்கு மேலே
அதுவும் இதுவும் ஒரே ஒரு தடவை
சேர்ந்து சிமிட்டின.
அப்புறம் தாளம் தப்பிவிட்டது.
மலைக்கு அந்தப் பக்கம் இறங்கிற்று.

மறுநாள் பேசினாள்.
நடு சீட்டாம்.
சன்னல் சீட்டில் இருந்தவர்
ஏறினதும் தட்டியை இழுத்துவிட்டுத் தூங்கிவிட்டாராம்.
"எழுப்பியிருக்கலாம்லா?"
"பாவம், வேலைக்குப் போற மனுசன்."
சரி, ஏழு இருபத்தாறுக்கு
என்னதான் செய்துகொண்டிருந்தாய் என்றேன்.
யோசித்தாள்.
"அப்பதான் சாப்பாட்டு வண்டி வந்துச்சு.
கோழியா மீனான்னு கேட்டாவ.
மீன்னு சொன்னேன்.
தீந்துபோச்சுன்னு கோழி குடுத்தாவ."

இப்போதெல்லாம்
அந்த நேரத்துக்கு அண்ணாந்து பார்க்கையில்
சிவப்பு விளக்கு ஞாபகம் வருவதில்லை.
எங்கள் கரிசலுக்கு மேலே
யாரோ ஒருத்தி மீன் என்று சொல்கிறாள்.